ரோடு போட்டாச்சு, பெட்டி கட்டவில்லை

அன்புள்ள கண்ணுவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே முழங்காலைத் தவிர மற்றபடி நான் நலம், உங்கப்பாவும் நலம், வீட்டுத் தரை காய்ந்து கிடப்பதால் அதுவும் நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சளி, காய்ச்சல் என்று ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பிக்கொண்டு இதை எழுதுகிறேன். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் நாலு வார்த்தை பேசுவதற்குள் நீ பத்து வார்த்தை பேசிவிடுகிறாய், காகிதம் குறுக்கே பேசாது, அதனால்தான். முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். தெருவுக்கு ரோடு போட்டாச்சு. இன்னொரு தடவை இங்கே ரோடு போட்டால் வீட்டை விற்றுவிட்டு நாங்கள் இரண்டு பேரும் உன்னிடம் வந்துவிடுகிறோம் என்று உனக்கு நான் வாக்குக் கொடுத்தது மறக்கவில்லை. உடனே டிக்கெட் விலை பார்க்க உட்கார்ந்துவிடாதே, மாப்பிள்ளையிடம் பின் ரூமைக் காலி பண்ணச் சொல்லாதே. கடைசி வரைக்கும் படி, அப்புறம் ஆசை தீர என்னைத் திட்டிக்கொள்.

அந்த மழையன்று போனில் நீ பார்த்தது பாதிதான். ஹாலில் கணுக்கால் தண்ணீரில் உங்கப்பா குவளையோடு நிற்பதைப் பார்த்து நீ அழுதாய். அவர் அழவில்லை, பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார், மழைச் சத்தத்தில் உனக்குக் கேட்டிருக்காது. நான் முன் ரூமில் தையல் மிஷினைச் செங்கல் மேல் ஏற்றி வைத்துப் பள்ளிக்கூட யூனிபார்ம் தைத்துக்கொண்டிருந்தேன், முழங்கால் மோவாயில் இடித்தது. துணியெல்லாம் கட்டிலுக்கு மேலே, கட்டில் மேஜைக்கு மேலே. பட்டறை வேலையை விட்ட பிறகு உங்கப்பா செய்த வாசல் பலகை இருக்கிறதே, நிலைப்படியின் இரண்டு பக்கமும் பள்ளம் வெட்டி, பழைய ட்யூபை அடியில் ஒட்டி, மழை வந்தால் மேலிருந்து சொருகுவாரே, அதைச் சொருகிவிட்டு ஒரு ராஜா மாதிரி பக்கத்தில் நின்றார். தண்ணீர் பாத்ரூம் ஓட்டை வழியாக வந்துவிட்டது. பார்த்தியா, என் பலகை வழியா ஒரு சொட்டு வரல என்று என்னிடமே பெருமை பேசினார். தூறல் விழுந்தால் ஊரெல்லாம் குடையைத் தேடும், இவர் பலகையைத் தேடுவார். அவ்வளவு சந்தோஷம் அந்த மனுஷனுக்கு. ஆனால் நீ அழுததைப் பார்த்த பிறகு எனக்கு மனசே சரியில்லை. குட்டியைத் தினமும் மடியில் வைத்துக்கொள்ளலாம் என்ற ஆசையும் எனக்கு இல்லாமல் இல்லை. அதனால்தான் வாக்குக் கொடுத்தேன், ஒப்புக்குக் கொடுக்கவில்லை.

மாப்பிள்ளைக்கு இந்தத் தெருவின் கதை புரியாது, ரோடு போட்டால் நல்லதுதானே, அதற்கு ஏன் வீட்டை விற்க வேண்டும் என்று கேட்டாராம், நீ சொன்னாய். அவருக்கு விவரமாகச் சொல். மனை விற்றவன் முதல் ரோட்டைப் போட்டுவிட்டு, இனிமேல் நகராட்சி பார்த்துக்கொள்ளும் என்று சொல்லிக் கம்பி நீட்டிவிட்டான். வாய்க்கால் கட்டாத தெருவை நாங்கள் எடுத்துக்கொள்ள மாட்டோம் என்று நகராட்சி கையை விரித்துவிட்டது. ஆக, தெருவுக்குச் சொந்தக்காரர்கள் நாங்களே, ரோடு போடுவதும் நாங்களே. நாங்கள் எப்படிப்பட்ட சொந்தக்காரர்கள் என்றால், புது ரோடு பளபளவென்று இருக்கும்போது ஒருத்தரும் சல்லிக்காசு எடுக்க மாட்டோம். குழி விழும், சைக்கிள்காரன் விழுவான், பள்ளிக்கூட வேன் உள்ளே வரமாட்டேன் என்று முனையிலேயே நிற்கும், அப்போதுதான் சட்டைப்பையில் கையை விடுவோம். கை விட்டால் அள்ளித்தான் கொடுப்போம், போன தடவையைவிடக் கனமாக, பழைய ரோட்டுக்கு மேலேயே, ஜல்லியும் தாருமாக. போட்டு முடித்த அன்று எல்லோரும் நடந்து பார்த்து, இது நம்ம காலத்துக்குத் தாங்கும் என்று கை குலுக்கிக்கொள்வோம். இப்படியே போட்டுப் போட்டுத் தெரு வளர்ந்துவிட்டது. எதிர்வீட்டு மேனேஜர், அதுதான் மில்லில் மேனேஜராக இருந்து ரிடையர் ஆனவர், வீட்டையே இடித்து உயரமாகக் கட்டிக்கொண்டார். டைப் டீச்சர் ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்கிக்கொண்டாள். நம்மால் இரண்டும் முடியவில்லை. உங்கப்பா வீடு கட்டும்போது தன் கையால் சிவப்பு சிமெண்ட் பூசிய இரண்டு படியும் ரோட்டுக்கு அடியில் போயின. படியேறி வந்த வீட்டுக்குள் இப்போது படி இறங்கி வருகிறோம். துணி தைக்கக் கொண்டுவருகிற பெண்கள் வாசலில் நின்று, டைலரம்மா, பாத்து இறங்கணுமா என்று கிணற்றை எட்டிப் பார்க்கிற மாதிரி பார்ப்பார்கள்.

இந்த வருஷம் குழி பெரிசாகிவிட்டது. மேனேஜர்தான் தெருச் சங்கத்துக்குத் தலைவர். வீடு வீடாக வந்து, இந்தத் தடவை இருக்கிறதிலேயே கனமான ரோடு போடப்போகிறோம் என்று சொன்னார். வேண்டாங்க, எங்க ஜன்னல் வரைக்கும் வந்துடும் என்றேன். அவர் கெட்டவர் இல்லை கண்ணு, மழையன்று ஆள் அனுப்புவார், காசு வேண்டுமா என்று கேட்பார், ஆனால் உள்ளே இறங்கிப் பார்த்ததில்லை. டைலரம்மா, காசு சேர்றப்பவே கனமாப் போட்டுக்கணும், அப்புறம் நீங்க தலைகீழா நின்னாலும் யாரும் தரமாட்டாங்க என்றார். நம் ஜனங்களை நினைத்துப் பார்த்தால் அவர் சொன்னதில் தப்பே இல்லை, அதுதான் எனக்குக் கோபம்.

சும்மா இருக்க முடியாமல் நகராட்சிக்குப் போனேன். உங்கப்பாவும் வந்தார். ரோடு பிரிவு மாடியில், பெஞ்சில் உட்கார்ந்தோம், அது கீச்சுக் கீச்சென்று கத்தியது, நான் உள்ளே பேசிவிட்டு வருவதற்குள் உங்கப்பா பையிலிருந்து ஸ்குரூ டிரைவரை எடுத்து முடுக்கிவிட்டு, பியூன் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டிருந்தார். உள்ளே இருந்த இன்ஜினியர் உன் வயசுப் பெண்தான், நல்லபடியாகப் பேசினாள். பழைய ரோட்டையெல்லாம் சுரண்டி எடுக்கலாம்மா, மிஷினை வாடகைக்குத் தரோம், ஆனா சுரண்டுறதுக்கே உங்க பணம் பாதி போயிடும், மிச்சத்துல மெல்லிசாத்தான் போட முடியும் என்றாள். மெல்லிசு தாங்குமா என்று கேட்டேன். வருஷா வருஷம் மழைக்கு முன்னாடி விரிசலை அடைச்சா தாங்கும், விட்டுட்டா கனமா போட்டதைவிடச் சீக்கிரம் போயிடும் என்றாள். அதாவது, என் வீடு பிழைக்க வேண்டும் என்றால் இந்தத் தெரு வருஷா வருஷம் காசு தர வேண்டும். புது ரோட்டுக்குக் காசு கேட்டால் நம் தெரு என்ன சொல்லும் என்று உனக்கே தெரியும். திரும்பியதும் உங்கப்பா வாசலில் வந்து நின்று, பின் ரூமுக்கு என் ஒர்க் டேபிள் நுழையுமான்னு மாப்பிள்ளையைக் கேக்கச் சொல்லு என்றார்.

கூட்டம் எப்போதும் மேனேஜர் வீட்டு மாடியில்தான். இந்தத் தடவை நம் வீட்டில் போடுங்கள் என்று நான்தான் கேட்டேன். எல்லோரும் ஒரு தடவையாவது உள்ளே இறங்கிப் பார்க்கட்டும் என்று நினைத்தேன், வேறு சூது ஒன்றும் இல்லை, நம்பு. நல்ல வெயில், வானத்தில் துளி மேகம் இல்லை. தையல் மிஷினை ஓரம் தள்ளிவிட்டு நாற்காலி போட்டோம், பத்தாததற்குத் துணி மூட்டை மேல் உட்கார்ந்தார்கள். நான்தான் முதலில் பேசினேன். எனக்குத் தெரிந்தது தையல்தான், அதனால் தையலைத்தான் சொன்னேன். தையல் விட்டால் அன்றைக்கே ஒரு நூல் ஓட்டினால் சட்டை உழைக்கும், நாம் கிழிய விட்டுவிட்டு அதன் மேலேயே இன்னொரு சட்டை போட்டுக்கொண்டிருக்கிறோம், இப்போது கையை மடக்கக்கூட முடியவில்லை என்றேன். சிரித்தார்கள். சிரித்துவிட்டு மேனேஜரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, டைலரம்மா சொல்றது நியாயம்தான், ஆனா நடைமுறைன்னு ஒண்ணு இருக்கு என்று ஆரம்பித்தார். சுரண்டினால் தன் கார் ஏறும் சரிவு அந்தரத்தில் நிற்கும், உயர்த்திக் கட்டின எல்லோருக்கும் இதே கதிதான், அதை யார் கட்டித் தருவார்கள் என்று கேட்டார். அதுவும் நியாயம்தான். பாதிப் பேர் தலையாட்டினார்கள். நான் மனசுக்குள் பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டேன், எந்தப் புடவையை எடுத்துக்கொள்வது, எதை டைப் டீச்சருக்குக் கொடுப்பது என்பது வரைக்கும் போய்விட்டேன்.

அப்போதுதான் அந்தச் சத்தம். தண்ணீர் நம் வாசலில் இறங்குகிற சத்தத்தை நானும் உங்கப்பாவும் தூக்கத்தில்கூடக் கண்டுபிடிப்போம். அவர் தன்னையறியாமல் எழுந்து பலகையை எடுக்கப் போனார். நான் கண்ணைக் காட்டினேன், உட்கார்ந்துவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து என் கண் ஜாடை அவருக்குச் சட்டென்று புரிந்தது அன்றைக்குத்தான். தண்ணீர் நிலைப்படியைத் தாண்டி, மெதுவாக, யாரையும் தொந்தரவு பண்ணாமல், நாற்காலிகளுக்கு நடுவில் வந்தது. கனமாப் போட்டா அது நமக்கு உழைக்கும் என்று மேனேஜர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் காலைத் தொட்டது. ஒரு காலைத் தூக்கினார், பிறகு மற்றதை. எல்லோரும் காலைத் தூக்கிக்கொண்டார்கள், மூட்டை மேல் உட்கார்ந்தவர்கள்தான் தப்பித்தார்கள். மழையே இல்லையே, எவன் வீட்டு மோட்டார் ஓடுது, பொறுப்புன்னு ஒண்ணு வேணாமா என்று மேனேஜர் கத்தினார். டைப் டீச்சர் வாசலில் எட்டிப் பார்த்துவிட்டு, ரொம்ப மரியாதையாக, சார், உங்க மாடி டேங்க்லேருந்துதான் கொட்டுது என்றாள். அவர் வீட்டம்மா தங்கை வீட்டுக்குப் போயிருந்தாராம், இவர் மோட்டாரைப் போட்டுவிட்டுக் கூட்டத்துக்குக் கிளம்பி வந்துவிட்டார். ஓடினார் பார், ஒரு செருப்பு அவர் காலோடு போயிற்று, இன்னொன்று தண்ணீரோடு நம் அடுப்படிக்குள் போயிற்று. நான் சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன். உங்கப்பா கடித்துக்கொள்ளவே இல்லை.

திரும்பி வந்தவர் அசடு வழிந்தார். உங்கப்பா கையிலிருந்த துடைப்பானை வாங்கி, பாண்டை மடித்துவிட்டுக்கொண்டு, தண்ணீரை வெளியே தள்ள ஆரம்பித்தார். தள்ளத் தள்ள அது திரும்ப உள்ளேதானே வரும். கொஞ்ச நேரம் தள்ளிப் பார்த்துவிட்டு மிஷின் அடியில் இருந்த செங்கலைப் பார்த்தார், சுவரில் கறை ஏறியிருக்கிற கோட்டைப் பார்த்தார். ஒரு டேங்க் தண்ணிக்கே இந்தப் பாடா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். என் சரிவை நானே கட்டிக்கிறேன், சுரண்டிடலாம் என்றார். ஆனால் அதோடு விட்டுவிடுகிற ஆளா அவர், மில்லை நடத்தினவர். வருஷா வருஷம் விரிசல் அடைக்கிற காசு எங்கேயிருந்து வரும், அதைச் சொல்லுங்க முதல்ல என்று ஈரக் காலோடு நின்று கேட்டார். குப்பைக்காக மாசா மாசம் கொடுக்கிறோமே, அதோடு ரோட்டுக்கும் சேர்த்துக் கொடுத்துவிடலாம், ஒரு சட்டை தைக்கிற கூலி அளவுதான் ஆகும் என்று டைப் டீச்சர் கணக்குப் போட்டுச் சொன்னாள். என் கூலியை எல்லோருக்கும் ஞாபகப்படுத்தினதற்கு அவளுக்கு நன்றி சொன்னேன். சரி என்றார்கள். காலடியில் தண்ணீர் இருக்கும்போது மனுஷர்கள் நல்லவர்களாகத்தான் இருக்கிறார்கள்.

இப்போது சொல்லப்போவதுதான் உனக்கான விஷயம். மேனேஜர் இன்னொன்று கேட்டார். வருஷா வருஷம் அடைத்தாலும் ஒரு காலத்தில் இதையும் சுரண்டித் திரும்பப் போட வேண்டிவரும், அதற்கும் சேர்த்துத்தான் மாசக் காசில் கொஞ்சம் ஒதுக்குகிறோம், அன்றைக்கு நம்மில் எத்தனை பேர் இருப்போம், உங்களுக்கப்புறம் உங்க வீட்டுக்கு யாருன்னு இப்பவே சொல்லிடுங்க என்றார். யாருக்கும் அந்தப் பேச்சு பிடிக்கவில்லை, ஆனாலும் ஒவ்வொருத்தராகச் சொன்னார்கள். என் முறை வந்தது. என் பொண்ணு என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல், யோசிக்காமல், பெருமையாக, சத்தமாகச் சொன்னேன். கடைசியில் டைப் டீச்சர் மேனேஜரைப் பார்த்து, சார் உங்க வீட்டுக்கு என்றாள். அவருக்கு இரண்டு பையன்கள், இரண்டு பேரும் உன்னைப் போல எங்கேயோ தூரத்தில். மனுஷர் திருதிருவென்று முழித்தார். நான் இன்னும் கேக்கல என்றார். எல்லோரையும் கேட்டவர் தன் பிள்ளைகளைக் கேட்கவில்லை. எனக்கு ஐயோ பாவம் என்றிருந்தது, அடுத்த நிமிஷம் சுருக்கென்றது. நானும்தான் கேட்கவில்லை.

ரோடு சுரண்டுகிற மிஷின் வந்தபோது தெருவே வேடிக்கை பார்த்தது. உங்கப்பா சாப்பிடக்கூட உள்ளே வரவில்லை, தட்டை வாசலுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நீ சைக்கிள் கற்றுக்கொண்டு விழுந்தாயே, அந்த ரோடு, உன் கல்யாணத்துக்கு முன்னால் போட்டது, எல்லாம் பாளம் பாளமாக லாரியில் ஏறிப் போயின. நம் வாசல் ஓரத்தை மிஷின் தொடக்கூடாது என்று சொல்லி உங்கப்பாவே கடப்பாரையை வாங்கிக் குத்தினார். மேல்படி முழுசாக வந்தது. கீழ்ப்படி பாதிதான் வெளியே தெரிகிறது, மூலை ஒன்று உடைந்திருக்கிறது, ஆனால் சிவப்பு அப்படியே இருக்கிறது. தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு அதிலேயே உட்கார்ந்தார், எழுப்ப முடியவில்லை. அதற்குப் பிறகு ஒரு நல்ல மழை வந்தது. நாங்கள் இரண்டு பேரும் ஜன்னலில் நின்று பார்த்தோம். தண்ணீர் நம் படியைத் தடவிக்கொண்டே போய்விட்டது, உள்ளே வரவில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது, வீட்டுக்குள் வந்தது அவ்வளவுதான். மேனேஜர் வீட்டுக்கு இப்போது புதுசாக நாலைந்து படி, ஏறும்போதெல்லாம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நம் வீட்டை ஒரு பார்வை பார்க்கிறார். விரிசல் பார்க்கிற பொறுப்பு உங்கப்பாவிடம். காலையில் சாக்பீஸை எடுத்துக்கொண்டு தெரு முழுக்கக் குனிந்து குனிந்து நடக்கிறார், எங்கே மயிரிழை தெரிந்தாலும் வட்டம் போடுகிறார். ரோடு டாக்டர் என்று பேர் வைத்திருக்கிறார்கள். புது ரோட்டில் என்ன விரிசல் இருக்கும், பூனை கீறினதையெல்லாம் வட்டம் போடுகிறார் என்று நான் சொன்னால் கோபித்துக்கொள்கிறார். பலகைக்குத்தான் வேலை இல்லை. இரண்டு நாள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தார்.

ஆக, ரோடு போட்டாச்சு, ஆனால் நீ பயந்த மாதிரி போடவில்லை. வாக்கு மாறிவிட்டேன் என்று நினைத்தால் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். குட்டியைப் பார்க்காமல் இருப்பது கஷ்டமாகத்தான் இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன், முதல் விரிசல் அடைப்பு முடிந்ததும் ஒரு மாசம் வந்து இருந்துவிட்டுப் போகிறோம். உன் பதிலை மட்டும் மறக்காமல் எழுது. எங்களுக்கப்புறம் இந்த வீட்டுக்கு, இந்தத் தெருவுக்கு நீ என்று நான் சொன்னது சரிதானா. முடியாது என்றாலும் எழுது, வருத்தப்பட்டாலும் கோபப்பட மாட்டேன், நான் இன்னும் கேக்கல என்று மேனேஜர் பக்கத்தில் போய் நின்றுகொள்கிறேன், அவருக்கும் துணை வேண்டும். வேலை வேலை என்று சாப்பிடாமல் இருக்காதே. குட்டியின் ஸ்வெட்டர் கையைப் பிரித்து நீளமாக்கி அனுப்புகிறேன், அளவு எழுது, கண்ணால் பார்த்து உத்தேசமாகச் சொல்லாதே, டேப் வைத்து எடு. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். அடுத்த லீவுக்குக் கட்டாயம் வாருங்கள். குட்டி பிறந்ததிலிருந்து இந்த வீட்டுக்குள் இறங்கித்தான் வந்திருக்கிறாள், ஒரு தடவை ஏறி வரட்டும். மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல், ஒருத்தருக்கொருத்தர் ஆதரவாக, மனசு நிறைந்து இருக்க வேண்டும்.

என்றும் உன் நினைப்பாகவே இருக்கும்
அம்மா

அப்பா ரெண்டு வரி. அம்மா தூக்கி எறியச் சொல்லியும் பலகையை எறியவில்லை, பரண் மேல் வைத்திருக்கிறேன். எங்களுக்கு அப்புறம் ரோட்டைப் பார்க்க ஆள் இல்லை என்றால் அது திரும்ப வேண்டியிருக்கும். நீ சரி என்று எழுது, அன்றைக்கே இறக்கி அறுத்துக் குட்டிக்கு ஒரு முக்காலி செய்துவிடுகிறேன்.